பிணை நின்றவன்

அவிஸ் அந்த மாளிகைக்கு வந்து சேர்ந்த காலையில் மழை இல்லை. ஆனாலும் சுவர்கள் நனைந்து கிடந்தன.

சதுப்பு நிலத்தின் நடுவே மேடான ஒரே இடத்தில் அந்த வீடு நின்றது. முன்பு அது மடம். மடங்களை மூடச்சொல்லி ராஜா உத்தரவு போட்டபோது சர் ஜெர்வாஸ் வெண்ட்லாக் அதை வாங்கி, கோயில் கல்லைப் பெயர்த்துத் தனக்கு மாளிகை கட்டிக்கொண்டார். சமையலறை வாசற்படியாகப் போட்டிருந்த கல்லில் ஏதோ ஒரு துறவியின் பெயர் பாதி தேய்ந்து தெரிந்தது. அவிஸ் அதை மிதிக்காமல் தாண்டினாள்.

உள்ளே காரியக்காரர் க்ரவுச் நின்றிருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. மூக்கில் மடித்த துணி. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தார்.

"சலவை தெரியுமா?"

"வேற என்ன தெரியும் எனக்கு."

"வாய் நீளமா இருக்கே."

"கையும் நீளம்தான். பெரிய மேஜை விரிப்பை ஒரே ஆளாப் பிழிவேன்."

"சரி, ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். கூடத்து மேடையில இருக்கற மேஜைத் துணி துவைக்கத்தான் உன்னைக் கூப்பிட்டது. முன்னாடி இருந்தவங்க ரெண்டு பேரும் சொல்லாமக்கொள்ளாம ஓடிட்டாங்க. நீ எதுவும் கேக்கக் கூடாது."

"என்ன கேக்கக் கூடாதுன்னு சொன்னாத்தானே ஐயா கேக்காம இருக்க முடியும்?"

க்ரவுச் மூக்கிலிருந்து துணியை எடுத்தார். கிணற்றின் அடியில் வரும் வாசனை அவளுக்கும் அப்போது தெரிந்தது. வெயிலே படாத கல்லும், ஊறிப்போன வைக்கோலும் கலந்த வாசனை.

"யாரும் உக்காராத இடத்துத் துணி எப்படி அழுக்காகுதுன்னு கேக்கக் கூடாது," என்றார்.

அவிஸ் கேட்க வந்த கேள்வி அதுவல்ல.

அவள் புருஷன் பியர்ஸ் குதிரைக்காரன். சர் ஜெர்வாஸ் கடல் தாண்டிப் பிரெஞ்சு அரசவைக்குத் தூது போனபோது குதிரைகளைப் பார்த்துக்கொள்ள அவனையும் கூட்டிப் போனார். தூது போனவர்கள் திரும்பினார்கள். பியர்ஸ் திரும்பவில்லை. கப்பலில் காய்ச்சல் கண்டு செத்தான், கடலில் போட்டுவிட்டோம் என்று ஒரு எழுத்தர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவனுடைய பூட்ஸ்கூட வீடு வந்து சேரவில்லை. அவளும் நம்பினாள், அழுதாள், சாம்பல் நீரில் கை வெந்து போகிற வரைக்கும் ஊரார் துணியைத் துவைத்து வயிற்றைக் கழுவினாள்.

போன இலையுதிர் காலத்தில், குதிரைச் சந்தையில், கடலுக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான். அவனுடைய ஊர்க் கோட்டைக்கு அடியில் ஒரு குழி. அதில் ஒரு இங்கிலாந்துப் பிரபுவைப் போட்டு வைத்திருந்தார்களாம். தூதர் வெண்ட்லாக்கின் தம்பியாம். "மேல குதிரை நடந்தா, எந்தக் கால் நொண்டுதுன்னு குளம்புச் சத்தத்தை வெச்சே கீழேர்ந்து சொல்லுவான்மா. பிரபு வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு நாங்க சிரிப்போம். ஒரு குளிர்காலத்தோட சத்தம் நின்னு போச்சு."

சர் ஜெர்வாஸுக்குத் தம்பி இல்லை. கோயில் பதிவேட்டில் ஏறிய தம்பி இல்லை. ஆனால் பெரிய எசமான், அதாவது ஜெர்வாஸின் அப்பா, பால் கறக்க வந்தவளை என்ன செய்தார் என்பது அந்தப் பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். பியர்ஸின் மூக்கைப் பார்த்தாலே தெரியும். அந்த நீண்ட, நடுவில் முறிந்தது போன்ற வெண்ட்லாக் மூக்கு. அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை.

வாழ்நாளெல்லாம் கொடுக்காத பெயரை, சாவதற்காக மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் அவிஸுக்குக் கண்ணீர் வருவதில்லை. பல் கடிபடும். செத்தவனுக்குக் கல்லறை இல்லை. செத்தவர்களுக்காக மெழுகுவத்தி ஏற்றுவதும் இப்போது குற்றமாகிவிட்டது. மிச்சம் இருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். யாரை, எதற்காக, என்ன பெயர் வைத்து விட்டுவிட்டு வந்தோம் என்று அந்த மனிதர் தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதை வாங்காமல் அவள் இந்த வீட்டை விட்டுப் போகப்போவதில்லை.

---

நடுப்பகலுக்கு முன்பே கூடத்தில் சாப்பாடு. ஆனால் அந்த மார்கழியில் பகலென்று ஒன்று வரவில்லை. சதுப்பிலிருந்து எழுந்த மூடுபனி சன்னல் கண்ணாடியில் சாம்பல் பூசினது போல ஒட்டியிருந்தது.

துவைத்த விரிப்புகளை வைத்துக்கொண்டு அவிஸ் கூடத்தின் கடைசியில் நின்றாள். ஆட்கள் நீள மேஜைகளில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க்கோடியில், மேடையில், ஒரு மேஜை. அதன் நடுவே உயரமான சாய்வு கொண்ட ஒற்றை நாற்காலி. அதில் யாரும் இல்லை.

பெரிய வீடுகளில் அப்படித்தான். எசமான் உள்ளறையில் தனியாகச் சாப்பிடுவார். ஆனால் அவருடைய நாற்காலிக்குக் கூடத்தில் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். பரிமாறும் பெரியவர் ஹோபார்ட் மேடைக்கு வந்து காலி நாற்காலிக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார். விரிப்பை முத்தமிட்டு விரித்தார். வெள்ளி உப்புக் கிண்ணத்தை வைத்தார். விஷம் இல்லை என்று காட்ட ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். மான் இறைச்சியை வெட்டி, நல்ல துண்டாகப் பார்த்து, இல்லாதவர் முன்னால் வைத்தார். நாற்காலிக்குத்தான் மரியாதை. உட்காருகிறவர் யாரென்று அது பார்ப்பதில்லை.

அதன்பிறகு கூடத்தில் ஒரு பேச்சு இல்லை. இத்தனை ஆட்கள் இருந்தும் எலும்பு கடிக்கிற சத்தம்கூட எழவில்லை. எல்லோரும் தங்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையில் ஏதோ ஒன்று மெதுவாக உரசியது.

மரம் கல்லில் உரசும் சத்தம்.

நாற்காலி தானாகவே மேஜைப் பக்கம் நகர்ந்திருந்தது.

---

துணி வெளுக்கும் கொட்டகையில் மேடை மேஜையின் விரிப்பு அவள் கைக்கு வந்தபோது, குளிர்ந்த மண்நீர் சொட்டியது. சாம்பல் நீரைச் சூடாக்கி வைத்துவிட்டு, அதே மேஜையிலிருந்து வந்த கை துடைக்கும் துணியை உதறினாள்.

அதன் மடிப்பிலிருந்து ஒரு ரொட்டி ஓரம் விழுந்தது.

மொறுமொறுத்த ஓரம். பல் படாதது. ஊறிப்போய் பஞ்சு மாதிரி இருந்தது. ஆனால் பத்திரமாக, யாரும் பார்க்காதபடி, துணியின் இரண்டாவது மடிப்புக்குள் செருகி வைத்திருந்தது.

அவிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமான புதிதில் அவள் மதுக் காய்ச்சும் கொட்டகையில் வேலை பார்த்தாள். வீடு திரும்ப நேரமாகும். பியர்ஸ் குதிரைக்காரர்களோடு சாப்பிட உட்காரும்போதெல்லாம், ரொட்டியின் ஓரத்தை உடைத்துத் துணிக்குள் ஒளித்து எடுத்து வருவான். அவளுக்கு ஓரம்தான் பிடிக்கும். மற்றவர்கள் கேலி செய்வார்கள். எத்தனை வயதான பிறகும் அவன் கை அந்த வேலையை மறக்கவில்லை. பக்கத்தில் அவள் இருந்தாலும் ஒளிப்பான், பிறகு எடுத்துக் கொடுப்பான்.

"பாத்துட்டியா?"

வாசலில் ஹோபார்ட் நின்றிருந்தார்.

"எத்தனை நாளா பெரியவரே?"

"செத்தவங்களை நினைக்கிற எல்லா ஆத்துமாக்கள் நாள்லேர்ந்து. கத்தி இடது பக்கம் கிடக்கும். நான் வலது பக்கம்தான் வைப்பேன். இறைச்சி வெச்சது வெச்சபடியே இருக்கும், ஆனா அழுகிப்போயிருக்கும். மேல எசமான் இருக்காரு பாரு, அவர் வீட்டையே தின்னு தீக்கற அளவுக்குத் திங்கறாரு, உடம்புல ஒட்டல. எல்லாம் வைக்கோல் மாதிரி இருக்குங்கறாரு." அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "காலி நாற்காலிக்குக் குனிஞ்சு குனிஞ்சே என் முதுகு போச்சு தாயி. ஆள் இருக்கற நாற்காலிக்குக் குனியறது இப்பத்தான்."

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், க்ரவுச்கிட்ட சொல்லிடாத. உள்ளறையில சாப்பிடற எசமான் ஒரு நாளும் எனக்குத் தலை அசைச்சதில்ல. இது அசைக்குது."

அவிஸ் ரொட்டி ஓரத்தைக் கையில் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"எசமான் அறை எந்தப் பக்கம்?"

---

சர் ஜெர்வாஸ் வெண்ட்லாக்கைப் பற்றி ஊர் சொல்வது இதுதான். நாலு மொழி தெரிந்தவர். மூன்று அமைச்சர்களிடம் வேலை பார்த்தார். மூவர் தலையும் போயிற்று. இவர் தலை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுத் தொப்பியோடு வீடு திரும்பியது. ராஜாவுக்குப் பெண் பேசப் போனவரும் அவர்தான், பேசிய பெண்ணை வேண்டாம் என்று சொல்லப் போனவரும் அவர்தான். போப்பாண்டவர் மோதிரத்தை முத்தமிட்ட உதட்டால், போப்பாண்டவர் வேண்டாம் என்ற சட்டத்தையும் படித்தார். யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. கோபப்பட்டதில்லை. அடுத்தவர் வீடு எரியும்போதுகூடக் குரல் உயர்த்தாமல் தண்ணீர் விலையைப் பேசுகிற மனிதர்.

அந்த மனிதர் இப்போது படுக்கையில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மடியில் தட்டு. கோழி, விலாங்கு மீன், வெண்ணெய் ரொட்டி. மென்றுகொண்டே இருந்தார். கன்னம் ஒட்டிப்போய், மூக்கு மட்டும் முகத்தை விட்டுத் தனியாக நீண்டு நின்றது.

அந்த மூக்கைப் பார்த்ததும் அவிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அறைச் சுவரில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு. சொட்டு.

"உக்காரும்மா," என்றார் அவர், மென்மையாக.

"நிக்கறேன்."

அவள் ரொட்டி ஓரத்தை அவருடைய பட்டுப் போர்வைமேல் வைத்தாள். அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"அவனுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தோம்," என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "எப்படிக் கை நீட்டித் தண்ணி வாங்கணும், எப்படிச் சலாம் வாங்கணும், வெண்ட்லாக்னு கூப்பிட்டா எப்படித் திரும்பணும். இடது கையில அடிச்சு அடிச்சு வலது கையில சாப்பிட வெச்சோம். இந்த ஓரத்தை ஒளிக்கற பழக்கம் மட்டும் போகவே இல்ல." அவர் நிமிர்ந்தார். "நீ யாரு?"

"அந்த ஓரத்தை யாருக்காக ஒளிச்சானோ, அவ."

சொட்டு. சொட்டு.

"ம்," என்றார். கண்ணை மூடித் திறந்தார். "உனக்கு என்ன சொல்லியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க என் ரத்தத்துல ஒருத்தரைப் பிணையாக் கேட்டாங்க. நம்ம ராஜா அவங்ககிட்டேர்ந்து புடிச்ச கோட்டையைத் திருப்பிக் குடுக்கற வரைக்கும். நான் பொய் சொல்லலையே. அவன் என் ரத்தம்தானே? வெல்வெட் உடுத்தி விட்டேன். எங்கப்பா பேரைக் குடுத்தேன். பொறந்ததுலேர்ந்து அவன் கேக்காத மரியாதையெல்லாம்..."

"கோட்டையைக் குடுக்கப் போறதில்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தெரியும்ங்கறது பெரிய வார்த்தைம்மா."

"எப்ப?"

அவர் ரொட்டி ஓரத்தைப் பார்த்தார்.

"கப்பல் ஏறறதுக்கு முன்னாடி."

அவிஸ் இந்தப் பதிலுக்காகத்தான் வந்தாள். ஆனாலும் அது காதில் விழுந்தபோது, அந்தத் தட்டை எடுத்து அவர் முகத்தில் அடிக்காமல் இருக்க அவள் இடுப்பில் கட்டிய முன்துணியை இரண்டு கையாலும் முறுக்க வேண்டியிருந்தது.

"அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வசந்தகாலத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னு."

"அவன் நம்பினானா?"

"அண்ணேன்னு கூப்பிடலாமான்னு கேட்டான்," என்றார் சர் ஜெர்வாஸ். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "கூப்பிடுன்னு சொன்னேன். என்ன செலவு அதுல?"

அதற்குமேல் அவிஸ் நின்ற இடத்தில் நிற்கவில்லை. படுக்கையின் மரக்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவர் முகத்துக்கு நேராகப் பேசினாள்.

"நாளைக்கு நீங்க கூடத்துக்கு வரணும். அந்த நாற்காலிக்குப் பக்கத்துல நின்னு, எல்லாரும் கேக்கச் சொல்லணும். அவன் பேரு பியர்ஸ். அவன் வெண்ட்லாக். உங்க தம்பி. தெரிஞ்சே அவனைக் குழியில விட்டுட்டு வந்தீங்க. அவ்வளவுதான். சொன்னா நான் போயிடறேன். ஒருவேளை அவனும் போயிடுவான். உங்களுக்குச் சோறு இறங்கும்."

அவர் கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது. எத்தனையோ அரசவைகளில் அப்படித்தான் பார்த்திருப்பார்.

"சரி. சொல்றேன்."

"உங்க சரியைப் பத்தி எனக்குத் தெரியும். உறுதிக்கு என்ன தர்றீங்க?"

அவர் சிரித்தார். முதல்தடவையாக. "ஒரு சலவைக்காரி என்கிட்ட ஜாமீன் கேக்கறா."

"உங்க பேச்சுக்கு ஜாமீனா நின்ன ஆளைத்தான் எசமானே நான் தேடி வந்திருக்கேன்."

சிரிப்பு அப்படியே முகத்தில் தங்கியது. பிறகு அவர் கையை அசட்டையாக வீசினார். எத்தனை ஒப்பந்தங்களின் அடியில் எத்தனை தடவை இப்படி வீசியிருப்பாரோ.

"போ. நானே ஜாமீன். பேச்சு தப்பினா அவனுக்குப் பதிலா நான் நிக்கறேன். போதுமா?"

சுவரில் தண்ணீர் சொட்டுவது நின்றது.

இருவரும் அதைக் கவனித்தார்கள். இருவரும் சுவரைப் பார்த்தார்கள். யாரோ மிக அருகில், காதைச் சுவரில் ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போன்ற அமைதி.

---

மறுநாள் மூடுபனி கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. மேடையின் விளக்குகள் மஞ்சள் கறை போலத் தெரிந்தன.

இரண்டு ஆட்கள் சர் ஜெர்வாஸைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள். அவர் கறுப்பு வெல்வெட் அங்கியும், ராஜா கொடுத்த தங்கச் சங்கிலியும் அணிந்திருந்தார். கைத்தடியை ஊன்றி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். அதைத் தொடவில்லை. அவிஸ் கூடத்தின் கடைசியில் நின்றாள்.

அவர் பேசினார். சன்னமான குரல்தான், ஆனாலும் கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.

"இந்த வீட்டு ஊழியன் ஒருவன், ராஜாவின் பணியில் அயல்நாட்டில் இருந்தபோது, ஆண்டவன் சித்தத்தால் நோய் கண்டு இறந்தான். உண்மையானவன். அவன் விதவைக்கு இந்த வீடு வேண்டியதைச் செய்யும். எல்லோரும் அவனை நினைத்துக்கொள்ளுங்கள்."

அவ்வளவுதான்.

பெயர்கூட இல்லை.

கூடத்தில் தலைகள் குனிந்தன. க்ரவுச் மூக்கை உறிஞ்சினார். "எசமானுக்கு எவ்வளவு பெரிய மனசு," என்று யாரோ முணுமுணுத்தார்கள். சர் ஜெர்வாஸ் கூடத்தின் நீளத்தைத் தாண்டி அவிஸைப் பார்த்தார். புருவத்தை லேசாகத் தூக்கினார். இன்னும் என்ன வேண்டும் உனக்கு, என்று கேட்கிற புருவம்.

அவிஸ் நடக்கத் தொடங்கினாள். மேஜைகளுக்கு நடுவே, எல்லோரும் பார்க்க, மேடையை நோக்கி. என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் கைகள் மட்டும், ஈரத் துணியைப் பிழியப் போவது போல முன்னால் நீண்டிருந்தன.

"பொய்," என்றாள். "பொய் சொல்றாரு."

"அந்தப் பொம்பளையைப் பிடிங்க," என்றார் க்ரவுச்.

சர் ஜெர்வாஸ் அவளுக்கு முதுகைக் காட்டி, நாற்காலியின் கையைப் பிடித்து, உட்காரப் போனார்.

இருக்கை ஏற்கனவே அழுந்தியிருந்தது.

சிவப்பு மெத்தையின் நடுவே ஒரு பள்ளம். ஆள் உட்கார்ந்தால் விழுகிற பள்ளம். அதன் ஓரங்களில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு, கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்பதால், உட்கார்ந்தார்.

ஹோபார்ட் குனிந்தார்.

விளக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

நாற்காலியில் இருந்த தலை, மெதுவாக, ஹோபார்ட்டைப் பார்த்து அசைந்தது. நன்றி சொல்வது போல.

பிறகு இடது கை நீண்டது.

அந்தக் கை கத்தியை எடுத்து இறைச்சியைக் குத்தி வாயில் போட்டது. ரொட்டியைப் பிய்த்தது. பல நாள் பட்டினி கிடந்த நாய் மாதிரி, தாடையில் கொழுப்பு வழிய, அவர் தின்றார். சங்கிலி தட்டில் உரசியது. ஒருவரும் அசையவில்லை. அவிஸைப் பிடித்திருந்த ஆட்கள் தாங்களாகவே கையை எடுத்துவிட்டார்கள்.

தின்று முடித்துவிட்டு, அந்த விரல்கள் ரொட்டியின் ஓரத்தை உடைத்தன. கை துடைக்கும் துணியின் இரண்டாவது மடிப்புக்குள் அதைச் செருகின.

அவர் நிமிர்ந்து அவிஸைப் பார்த்தார்.

"மது புளிச்சிருக்கு," என்றார். குதிரை லாயத்துக் குரல். பண்ணையாள் பேச்சு. "நீ காய்ச்சினா இப்படி இருக்காது."

அவிஸ் அருகிலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பியர்ஸ்," என்றது அந்த வாய், கூடத்தைப் பார்த்து. ஒவ்வொரு சொல்லும் ஆழத்திலிருந்து இறைத்துக் கொண்டுவருவது போல வந்தது. "வெண்ட்லாக் வீட்டுப் பையன். எங்கண்ணன் என்னைப் பிணை வெச்சான். திரும்பி வரமாட்டோம்னு தெரிஞ்சே வெச்சான். குழிக்குள்ள கம்பி வழியா மழை மட்டும் வரும். வசந்தம் ரெண்டு தடவை வந்துச்சு. நான் ஒவ்வொரு குதிரைச் சத்தத்துக்கும் எழுந்து நின்னேன்."

யாரோ ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டார்கள். அது உருண்டு நிற்கும்வரை எல்லோரும் அதைக் கேட்டார்கள்.

"இப்ப அவன் நிக்கறான்," என்றது அந்தக் குரல்.

---

சர் ஜெர்வாஸ் சாகவில்லை. எசமானுக்கு மூளைக் காய்ச்சல் என்று க்ரவுச் ஊருக்குள் சொன்னார். தேறிவிட்டார் என்றும் சொன்னார். தினமும் கூடத்துக்கு வந்து எல்லோரோடும் சாப்பிடுகிறார். உடம்பில் சதை பிடித்திருக்கிறது. அரசவையிலிருந்து ஆள் வந்து அழைத்தபோது, கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். விடிந்தால் லாயத்துக்குப் போய்விடுகிறார். பழைய குதிரைகள் அவர் காலடி கேட்டால் கனைக்கின்றன. புதிய குதிரைகள் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்குகின்றன.

ஊர்க் கோயில் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். பியர்ஸ் வெண்ட்லாக் என்று செதுக்கிய கல். அவிஸுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் ஆத்திரம் தீரவில்லை. அவர் ஒருநாள் லாயத்து வாசலில் அவள் கையைப் பிடித்தார். அந்தக் கை கிணற்று நீர் மாதிரி சில்லிட்டிருந்தது. பேச்சு பியர்ஸ். பார்வை பியர்ஸ். பிடித்த கையோ, கப்பல் ஏறும் முன்பே எல்லாம் தெரிந்து முத்திரை வைத்த கை. அவளால் அதைப் பொறுக்க முடியவில்லை, உதறினாள். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தவனையும் முழுசாகத் தரவில்லை அந்த ஜெர்வாஸ். தன் மூஞ்சியை மாட்டித்தான் அனுப்பியிருந்தார்.

மேலே அந்தப் படுக்கையறையைப் பூட்டிவிட்டார்கள். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவிஸ் போனாள். கதவின் அடியிலிருந்து ஈரம் கசிந்து படிக்கட்டு வரை வந்திருந்தது. காதைக் கதவில் வைத்தாள்.

வெகு கீழேயிருந்து, கல் சுவர்களில் மோதி மோதி, ஒரு குரல் வந்தது. மென்மையான, படித்த குரல்.

அது பேரம் பேசிக்கொண்டிருந்தது.

முதலில் பண்ணை ஒன்றைத் தருகிறேன் என்றது. ராஜாவிடம் சொல்லிப் பட்டம் வாங்கித் தருகிறேன் என்றது. அடுத்த நாள் தங்கச் சங்கிலி. அதற்கடுத்த நாள் பிரெஞ்சிலும் லத்தீனிலும் ஏதேதோ. பனிக்காலம் முடிவதற்குள் குரல் கரகரத்துப்போயிற்று. "வசந்தகாலத்துலயாவது கூட்டிட்டுப் போவாங்களா?" என்று கேட்டது. அவள் நடக்கும்போதெல்லாம், யார் காலடி என்று தெரியாமல், எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

இப்போது அது ரொட்டி மட்டும்தான் கேட்கிறது.

மேடை மேஜைத் துணியை அவிஸ்தான் இன்றும் துவைக்கிறாள். சாப்பாடு முடிந்ததும் துணியின் இரண்டாவது மடிப்பைப் பிரிக்கிறாள். ஓரம் இருக்கிறது. இப்போது அது நனைந்திருப்பதில்லை. மொறுமொறுப்பாக, இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறாள். பூட்டிய கதவுக்கு முன்னால், ஈரத்தில் கால் பட, நிற்கிறாள்.

"யாரு? யாரும்மா அது?"

அவள் பதில் சொல்வதில்லை. ரொட்டி ஓரத்தைக் கடித்து, நிதானமாக, சத்தம் கேட்க மெல்லுகிறாள்.

உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது.

கதவின் அடியில், ஈரத்துக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில், மோப்பம் பிடிக்கிற சத்தம் கேட்கிறது.